பழைய படங்களுக்குக் குறிப்பு எழுத வேண்டுமா?

கேள்வி (குளச்சல்)

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமன் 1960களின் இறுதியில் இருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குளச்சலில் ஸ்டுடியோ நடத்தினார். கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும் எடுத்துப் பிழைத்த அவர், ஓய்வு கிடைத்த நாட்களில் எல்லாம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரைக்கும் பனைவிளைகளுக்கும் போய்விடுவார். கரையில் நின்று கரமடி வலை இழுப்பவர்கள், வள்ளத்தைக் கரையேற்றுபவர்கள், கடவத்தில் மீன் சுமந்து உள்ளூர்களுக்கு நடந்த பெண்கள், பனையேறிகள், ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுவோர் என்று அவர் எடுத்த படங்கள் பல நூறு இருக்கும். ஒவ்வொரு நெகட்டிவையும் ஒரு காகித உறையில் இட்டு, அந்த உறையின் மேல் நாள், இடம், ஆட்களின் பெயர் ஆகியவற்றையும், சில வேளைகளில் அன்று நடந்ததைப் பற்றி இரண்டு வரியையும் மைப்பேனாவால் எழுதி வைப்பது அவர் வழக்கம்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வீட்டுக்குள் வந்தபோது அந்த உறைகள் இருந்த தகரப்பெட்டி உப்புநீரில் மூழ்கிவிட்டது. எங்கள் வீட்டில் எல்லோரும் பிழைத்தோம். பக்கத்து வீடுகளில் அப்படி இல்லை. நான்காம் நாள் பெட்டியைத் திறந்தபோது உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, மை முழுவதும் கரைந்து காகிதம் எல்லாம் வெளிர்நீலமாகி இருந்தது. நெகட்டிவ்களை நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, கயிறு கட்டி நிழலில் காயவைத்தோம். பாதிக்கு மேல் தேறின. மாமா எழுதியவற்றில் ஒரு வரி கூடத் தேறவில்லை.

இப்போது அவற்றில் 42 படங்களைப் பெரிதாக்கி எங்கள் ஊர் நூலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க இருக்கிறோம். இதற்கு உதவும் இளைஞர்கள், நல்ல ஆவணப்படத்துக்குக் குறிப்பு தேவையில்லை என்றும், குறிப்பைக் கொண்டுதான் ஒரு படம் புரியும் என்றால் அந்தப் படத்தில் குறை இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். அதை என்னால் முழுமையாக ஏற்கவும் முடியவில்லை, மறுத்துச் சொல்லவும் தெரியவில்லை.

என்னை மிகவும் அலைக்கழிப்பது ஒரே ஒரு படம். அலை தொடும் இடத்தில் பதினொரு பெண்கள் நமக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். அவர்கள் நடுவே கட்டம் போட்ட பாவாடை அணிந்த ஒரு சிறுமி மட்டும் திரும்பிக் கேமராவைப் பார்க்கிறாள். காற்றும் மழையுமாக இருந்த ஒரு நாளில் போன வள்ளங்கள் திரும்பாததால் அவர்கள் அப்படி நின்றார்கள் என்று என் மாமி சொல்கிறார். அது திருவிழா அன்று கோயில் சுரூபத்தை (சிலையை)க் கடல் வழியாகக் கொண்டுவந்தபோது எடுத்தது என்கிறார் அடுத்த வீட்டுப் பெரியவர். சாயங்கால மீனை வாங்கிப்போய் விற்பதற்காக நின்ற கூட்டம், அவ்வளவுதான் என்கிறார் மூன்றாமவர். ஒவ்வொருவரும் சொல்லி முடித்த பிறகு படத்தைப் பார்த்தால் அதே முதுகுகள் முதலில் அச்சத்தையும், பிறகு பக்தியையும், அதன் பிறகு வெறும் பொறுமையையும் காட்டுகின்றன. இதற்கு நான் என்ன எழுதுவது? எதுவும் எழுதாமல் விட்டுவிடலாமா?

மறுமொழி (நாகர்கோவில்)

ஐயா, நாளிதழ்களில் இருபத்தேழு ஆண்டுகள் படம் எடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மாமா உறைமேல் எழுதியது அவர் தொழிலின் பாதி. அதை அவர் அறிந்திருந்தார் என்பதனால்தான் ஒவ்வோர் உறையிலும் எழுதினார்.

கேமரா பதிவது ஒரு நொடியின் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே. அந்த நேரத்தில் லென்ஸுக்கு முன்னால் இருந்தது படத்தில் இருக்கும். அதற்கு முன் நடந்தது, பின் நடந்தது, சட்டகத்துக்கு வெளியே நின்றவர், உள்ளே நிற்பவரின் பெயர், அவர் அங்கே நிற்பதற்கான காரணம் ஆகிய எதுவும் இருக்காது. நம் மாவட்டத்தில் இருந்தே ஒன்றைச் சொல்கிறேன். 2017 டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். அந்தக் காட்சியின் கீழே "ரயில் மறியலால் பயணிகள் அவதி" என்று எழுதினால் படத்தில் இருப்பவர்கள் தொந்தரவு செய்பவர்கள் ஆகிவிடுகிறார்கள். "ஒக்கி புயல் வீசி ஒரு வாரமாகியும் கடலில் இருந்து திரும்பாத மீனவர்களைத் தேடக் கோரி அவர்களுடைய குடும்பத்தினர்" என்று எழுதினால் அதே முகங்களை நாம் வேறு விதமாகப் பார்க்கிறோம். இரண்டு வாக்கியத்திலும் பொய் இல்லை. ஆனால் முதலாவது எழுதப்பட்ட இடத்தில் அந்தப் புயலும் அந்தக் கடலும் காணாமற்போய்விடுகின்றன.

சுனாமி வந்து இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28 அன்று, ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் ஆர்கோ தத்தா கடலூரில் எடுத்த படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் கைகளை விரித்து மணலில் விழுந்து கிடக்கிறார். படத்தின் ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும் தெரிகிறது. அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்படமாக அது தேர்வு பெற்றது. துயரம் அந்தப் படத்திலேயே முழுமையாக இருக்கிறது என்பதில் உங்கள் இளைஞர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் சுனாமி என்ற சொல்லும் கடலூர் என்ற பெயரும் அந்த நாளும் இல்லாமல் அதை இன்று ஒருவர் பார்த்தால் அது ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு சாவு என்றுதான் அவருக்குத் தோன்றும். சீனாவின் சியான்டாங் ஆற்றில் 2002-இல் எழுந்த ஓதப் பேரலையின் படங்கள் 2004 சுனாமிப் படங்கள் என்று மின்னஞ்சலில் உலகம் சுற்றின. படம் தானே பேசக்கூடியது என்றால் அவை அப்போதே மறுத்துப் பேசியிருக்க வேண்டும்.

குறிப்பு போதாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு 1993 மார்ச் மாதம் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட கெவின் கார்ட்டரின் சூடான் படம் சான்று. உணவு வழங்கும் இடத்தை நோக்கிச் செல்லும் வழியில் ஒரு குழந்தை தரையில் கவிழ்ந்து கிடக்க, பின்னால் ஒரு கழுகு அமர்ந்திருக்கும். குழந்தை பிறகு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் அந்த நாளிதழ் சில நாட்களில் தனியாக ஒரு விளக்கம் வெளியிட வேண்டியிருந்தது. சிறுமி என்று குறிப்பில் எழுதப்பட்ட அந்தக் குழந்தை ஒரு சிறுவன் என்பது 2011-இல் அவனுடைய தந்தை சொன்ன பிறகே உலகுக்குத் தெரிந்தது. பதினெட்டு ஆண்டுகள் ஒரு மகனை உலகம் மகள் என்று அழைத்திருக்கிறது.

இனி உங்கள் 42 படங்களுக்கு வருகிறேன். யார், எங்கே, எப்போது, என்ன செய்கிறார் என்பதை முதல் வாக்கியத்தில் எழுதுங்கள். ஏன் என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இரண்டாவது வாக்கியம் எழுதுங்கள். கண்ணுக்குத் தெரிவதைத் திரும்ப எழுத வேண்டாம். "ஏக்கத்துடன்", "சோகமே உருவாக" போன்ற சொற்களை அறவே விலக்குங்கள். எங்கள் செய்தியறையிலேயே அவற்றை அடித்தடித்து எனக்குக் கை ஓய்ந்திருக்கிறது. பதினொரு பெண்களின் படத்துக்கு அந்த மூன்று பேரும் சொன்னதை மூன்று வாக்கியமாக, அவரவர் சொன்னதாகவே எழுதுங்கள். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை.

மறுமொழி (மார்த்தாண்டம்)

மேலே எழுதியிருக்கும் பெரியவரின் அனுபவத்தை மதிக்கிறேன். எனினும் நாளிதழுக்குப் பொருந்துவது சுவரில் மாட்டும் படத்துக்கும் பொருந்தும் என்பதை நான் ஏற்கவில்லை. நான் பத்து ஆண்டுகளாக மாணவர்களுக்குப் புகைப்படம் கற்பிக்கிறேன். படத்தின் அடியில் எழுத்து இருந்தால் பார்வையாளரின் கண் முதலில் எழுத்துக்குத்தான் போகிறது. படித்து முடித்துவிட்டு, படித்தது படத்தில் இருக்கிறதா என்று ஒரு முறை நிமிர்ந்து சரிபார்த்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார். எழுத்து இல்லாத படத்தின் முன் அதே ஆள் நிற்கிறார், நெருங்குகிறார், பின்வாங்குகிறார், பக்கத்தில் நிற்பவரிடம் ஏதோ கேட்கிறார். அந்த நிற்றலைத்தான் நான் இழக்க விரும்பவில்லை.

இரண்டாவது அச்சம் இதைவிடப் பெரியது. நம் நாட்டில் படக்குறிப்பு தொடக்கத்தில் இருந்தே மனிதரை வகைப்படுத்தும் கருவியாக இருந்திருக்கிறது. ஆங்கில அரசு 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட இந்திய மக்களைப் பற்றிய படத்தொகுப்பில் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு சாதி, ஒரு குணம் எழுதப்பட்டது. பெரும்பாலும் ஆளுக்குப் பெயர் இல்லை. தாது வருஷப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்த படங்களில் எலும்பும் தோலுமாக இருந்த குடும்பங்கள் கேமராவுக்காக வரிசையில் அமர்த்தப்பட்டிருக்கின்றன. அவர்கள் எந்த ஊர், என்ன பெயர் என்பது இல்லாமலேயே அந்தப் படங்கள் இன்றும் பஞ்சத்தின் அடையாளமாக அச்சாகின்றன. "மீனவப் பெண்கள், குளச்சல்" என்று நாம் எழுதும்போது நாமும் அதையே செய்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பனையேறியின் படத்துக்குக் கீழே "பனையேறி" என்று எழுதுவதால் பார்ப்பவருக்குப் புதிதாக என்ன தெரிந்துவிடப் போகிறது?

அமெரிக்காவில் வாக்கர் எவன்ஸ் எடுத்த குத்தகை விவசாயிகளின் படங்கள் 1941-இல் நூலாக வந்தபோது, நூலின் தொடக்கத்திலேயே எந்தக் குறிப்பும் இல்லாமல் வைக்கப்பட்டன. எழுத்து அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நீங்களும் சுவரில் எண் மட்டும் போட்டு, குறிப்புகளை ஒரு கையேட்டில் அச்சிட்டு வெளியேறும் வாசலில் கொடுங்கள். மூன்று கதைகளையும் தாங்கி நிற்கும் அந்தப் பெண்களின் படத்தை, பார்ப்பவர் முதலில் தன் கண்ணால் பார்க்கட்டும்.

மறுமொழி (கருங்கல்)

மார்த்தாண்டத்து ஐயா பனையேறியைப் பற்றிச் சொன்னதற்கு மட்டும் பதில் சொல்ல விரும்புகிறேன். என் அப்பா பனையேறி. முருக்குத்தடியைப் பனையில் சாய்த்து, காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் அரிவாள்பெட்டியோடு காலையும் மாலையும் ஏறுவார். பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது அக்கானி, அதாவது பதநீர்; தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உள்ளே தடவிய சுண்ணாம்பை எந்தக் கேமராவும் தரையில் இருந்து காட்டாது. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. பனையை அறியாத ஒருவர் குறிப்பில்லாத அந்தப் படத்தைப் பார்த்தால் என் அப்பாவைக் கள் இறக்குபவர் என்றே எண்ணுவார். அப்படிப் பலர் எண்ணியதைச் சிறுவயதில் என் காதால் கேட்டிருக்கிறேன். அந்தக் குறிப்பில் "பனையேறி" என்று எழுத வேண்டாம். "கருப்பட்டிக்காக அக்கானி இறக்குகிறார்" என்று எழுதுங்கள். அவர் பெயரும் கிடைத்தால் எழுதுங்கள்.

மறுமொழி (தூத்தூர்)

கேள்வி கேட்டிருக்கும் அண்ணனுக்கும் மற்ற அனைவருக்கும் வணக்கம். நான் படம் எடுத்தவள் இல்லை, எடுக்கப்பட்டவள்.

2017 நவம்பர் 30 அன்று என் தம்பி கடலில் இருந்தான். எங்கள் பகுதியினர் கொச்சியில் இருந்து புறப்பட்டு வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எச்சரிக்கை வரும் முன்பே அவர்கள் தொலைவுக்குப் போயிருந்தார்கள். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, நான் அவனுடைய படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் வந்து படம் எடுத்தார். மறுநாள் ஒரு நாளிதழில் அது பெரிதாக வந்தது. அதன் கீழே "மாயமான மீனவரின் மனைவி கண்ணீர்" என்று எழுதியிருந்தார்கள். நான் அவனுடைய அக்கா. அவனுடைய மனைவி அன்று காய்ச்சலோடு வீட்டுக்குள் படுத்திருந்தாள். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளை மடித்துத் தன் பெட்டியில் வைக்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். தன் இடத்தில் இன்னொருத்தியை வைத்து உலகம் அழுதது போல அவளுக்கு இருந்திருக்கும்.

அந்த மனிதர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பெயரைக் கேட்காமல் எடுத்துப்போகும் வழக்கம் எங்கும் இருக்கிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். டோரதியா லாங்கே 1936-இல் கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற இடத்தில் எடுத்த தாயின் படம் உலகப் புகழ் பெற்றது. வறுமையில் வாடும் பட்டாணி பறிப்பவர், முப்பத்திரண்டு வயது, ஏழு பிள்ளைகளின் தாய் என்று அதன் குறிப்பு சொன்னது. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அவருடைய பெயர் 1978-இல்தான் வெளியே வந்தது. உணவுக்காகத் தங்கள் காரின் டயர்களை விற்றதாக லாங்கே எழுதியதை அந்தக் குடும்பம் மறுத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டும், அது தான்தான் என்று யாருக்கும் தெரியாமலும் அவர் வாழ்ந்ததை நினைத்தால் எனக்கு உறக்கம் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "மாயமானார்" என்ற சொல்லைச் செய்தித்தாள்கள் எங்களுக்கு ஓயாமல் பயன்படுத்துகின்றன. என் தம்பி மாயமாகவில்லை. புயலில் படகு கவிழ்ந்து கடலில் போனான். யார் தேடவில்லை, ஏன் தேடவில்லை என்ற கேள்விகள் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றன.

மார்த்தாண்டத்து ஐயா, நீங்கள் சொல்லும் கையேட்டை வாசலில் வாங்கிக்கொண்டு படிக்காமல் போகிறவர்கள்தாம் மிகுதி. என் படத்தை வாசகர் இரண்டு நிமிடம் கூர்ந்து பார்ப்பதால் எனக்கு ஆவது ஒன்றுமில்லை. நான் யாருக்கு அக்கா என்பது அந்தப் படத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

மறுமொழி (மார்த்தாண்டம்)

அம்மா, உங்கள் பதிலை நான்கு முறை படித்தேன். பார்ப்பவரின் பக்கத்தில் இருந்து மட்டுமே நான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். வகைப்பெயர் எழுதுவதை நான் இன்னும் எதிர்க்கிறேன். ஆனால் ஆளின் பெயரைக் கையேட்டுக்குத் தள்ளச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். எழுத்தை படத்துக்குக் கீழே வைக்காமல் ஒரு கை அகலம் தள்ளி, வலப்பக்கத்தில், சிறிய எழுத்தில் வைத்தால் கண் முதலில் படத்துக்குப் போகும். இதை மட்டும் செய்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர் (குளச்சல்)

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. தூத்தூர் தங்கையின் பதிலைப் படித்த மறுநாள், அந்தப் பதினொரு பெண்களின் படத்தை உள்ளங்கை அளவில் அச்சிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இதை முன்பே செய்திருக்க வேண்டும். என்ன நாள், எதற்காக நின்றார்கள் என்று வீட்டில் இருப்பவர்களிடமே திரும்பத் திரும்பக் கேட்டேனே தவிர, நிற்பவர்கள் யார் என்று ஊரில் ஒருவரிடமும் நான் கேட்கவில்லை.

எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதுகை மட்டுமே பார்த்து நான்கு பேரை அடையாளம் சொன்னார். ஒருவர் சேலைத்தலைப்பை இடுப்பில் செருகியிருந்த விதம், இன்னொருவர் ஒரு காலைச் சற்று வளைத்து நின்ற விதம் ஆகியவை போதுமாக இருந்தன. மூன்றாவதாக நிற்பவர் அவருடைய சொந்த அக்கா. எதற்காக நின்றார்கள் என்று கேட்டேன். "கடலுக்குப் போனவன் வர்ற வரைக்கும் எல்லா நாளும் அப்படித்தான் நிப்போம்" என்றார். மூன்று கதைகளில் எது சரி என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

இப்போது எழுதி வைத்திருக்கும் குறிப்பு இது: "குளச்சல் கடற்கரை, 1970களில். இடமிருந்து இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது, பத்தாவதாக நிற்பவர்கள்" என்று தொடங்கி நான்கு பெயர்கள். அவற்றை இங்கே எழுதவில்லை. நான்கு வீட்டிலும் கேட்டு, சம்மதம் கிடைத்த பிறகே எழுதுவேன். அதற்கு அடுத்த வரியில் மாமி சொன்னதும், பெரியவர் சொன்னதும், மூன்றாமவர் சொன்னதும், பாட்டி சொன்னதும் அவரவர் சொற்களிலேயே இருக்கும். மீதி ஏழு பேருக்கு வெற்றிடம் விட்டு, பக்கத்தில் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடப் போகிறேன். பெரிதாக்கிய படங்களின் பின்புறத்திலும் எல்லாவற்றையும் பென்சிலால்தான் எழுதுகிறோம். ஸ்கேன் செய்த கோப்புகளுக்குள்ளும் குறிப்பைச் சேர்த்துவிடுமாறு இளைஞர்களிடம் சொல்லிவிட்டேன்.

திரும்பிப் பார்க்கும் அந்தச் சிறுமியை மட்டும் பாட்டிக்குத் தெரியவில்லை. ஏழெட்டு வயது இருக்கும். இரட்டைச் சடை, கட்டம் போட்ட பாவாடை, இடது கையில் ஒரு சிறிய ஓலைப்பெட்டி. இன்று அவருக்கு ஐம்பதைக் கடந்திருக்கும். குளச்சலிலோ கொட்டில்பாட்டிலோ அதற்கு அப்பாலோ யாருக்காவது நினைவு வந்தால் இங்கே எழுதுங்கள். படத்தை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன்.